எட்டாவது புளியங்கொட்டை

1

இந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு கேட்டால் மழுப்பிவிடுவேன். போன வாரம் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். முறத்தின் ஓரத்தில் எட்டு சேர்ந்ததும் கை நின்றுவிட்டது. குழம்பை அப்படியே போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

ஆரம்பம் மூன்று முறை மாறிவிட்டது. ‘திருப்பாச்சூரில் மாலை வெயில்’ என்று ஒன்று. வெயிலுக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ‘கோவிந்தம்மாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் குழந்தை இல்லை’ என்று இன்னொன்று. உண்மைதான், ஆனால் மாமியார் பேசுகிற மாதிரி இருக்கிறது. மூன்றாவது பாதியிலேயே படுத்துவிட்டது: ‘செல்வி நல்ல நர்ஸ்தான், ஆனால்’

2

வருஷம் 1978. செல்விக்கு இருபத்திரண்டு வயது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ். ஊர் ஊராகப் போய்க் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிப்பது வேலை. திருப்பாச்சூரில் கோவிந்தம்மா அவளை வழிமறித்தாள்.

“புள்ள வேணாம்னு சொல்றவளுக்கு நாள் கணக்கு சொல்லித் தர்றியே நர்ஸம்மா, வேணும்ன்றவளுக்கு ஒண்ணும் இல்லியா?”

இருந்தது. கோவிந்தம்மாவின் புருஷன் ராஜவேலுவுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி வேலை. அங்கேயே நாலு பேரோடு ரூம். மாதத்துக்கு மூன்று நாள்தான் லீவு போட்டு வர முடியும். அந்த மூன்றும் சரியான மூன்றாக இருக்க வேண்டும். நான் பையிலிருந்து— (அடித்துவிட்டேன்) செல்வி பையிலிருந்து அச்சடித்த தாள் ஒன்றை எடுத்தாள். கோவிந்தம்மாவுக்கு இருபத்தாறு நாளுக்கு ஒருமுறை விலக்கு தவறாமல் வந்துவிடும்.

“மொத நாள்லேர்ந்து எண்ணு. பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு. அந்த மூணு நாளும் அவர் ஊட்ல இருக்கணும்” என்றாள். வெள்ளைப்பாடு முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழவென்று நூலாக நீண்டால் அதுவும் அடையாளம் என்று தாளில் இருந்தது. அதையும் கடனே என்று வாசித்துவைத்தாள்.

கோவிந்தம்மாவுக்குப் படிப்பில்லை. நாளுக்கு ஒரு புளியங்கொட்டையைப் பால்பவுடர் டப்பாவில் போட்டாள். எட்டு விழுந்ததும் தபால்காரரைப் பிடித்து ராஜவேலுவுக்கு ஒரு கார்டு எழுதச் சொல்வாள். ‘உடனே வரவும்’, அவ்வளவுதான். பதினொன்றுக்கு அவன் வந்து நிற்பான்.

(ஓர் அடிக்குறிப்பு: தை பிறப்பதற்குள் ஒன்றும் ஆகாவிட்டால், தன் தம்பி மகளை ராஜவேலுவுக்கு இரண்டாந்தாரமாகக் கட்டிவைப்பதாக மாமியார் சம்பூர்ணம் கெடு வைத்திருந்தாள். இதைப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போடத்தான் நினைத்தேன். கோவிந்தம்மாவுக்கு வாழ்க்கையே இதுதான் என்பதால் மேலே ஏற்றிவிட்டேன்.)

3

ஏழு மாதம் போயிற்று. ஒன்றும் தங்கவில்லை.

இந்த இடத்தில் செல்வியின்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. காது கேட்கிற பெண்ணாகத்தான் படைத்தேன். ஆனால் கோவிந்தம்மா மாதாமாதம் இதைச் சொல்லியிருக்கிறாள்:

“எட்டாவது கொட்ட போடச்சொல்லவே வழவழன்னு வருது நர்ஸம்மா. பதினொண்ணு ஆவச்சொல்ல காஞ்சி பூடுது. ஒடம்பு ஒண்ணு சொல்லுது, டப்பா ஒண்ணு சொல்லுது. பேஜாரா கீது.”

“டப்பாவ நம்பு” என்றாள் செல்வி, மாதாமாதம்.

4

மார்கழி பிறந்த மறுநாள். செல்வி போனபோது கோவிந்தம்மா வீட்டுக்குப் பின்னால், விறகுக் கொட்டாயில், சாக்கு விரித்துத் தனியாக உட்கார்ந்திருந்தாள். இந்த மாதமும் வந்துவிட்டது. நேற்றுத்தான்.

“அப்ப டப்பாவுல ரெண்டு கொட்டை இருக்கணுமே, எங்க டப்பா?”

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். “இன்னா நர்ஸம்மா, ஊட்டுக்குத் தூரமா கீறவ உள்ள பூந்து டப்பாவ தொடுவனா? நாளன்னிக்கி தலைக்கு ஊத்திக்கினு உள்ள போயி மொத கொட்ட போடுவேன். எப்பவும் அப்டித்தான?”

மூன்று நாள் வெளியே இருந்தவள் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வருகிற நாள்தான் அவளுக்கு முதல் நாள். முந்திய மூன்றும் அவள் கணக்கில் நாள்களே இல்லை. செல்வியின் அம்மாவும் அப்படித்தான் எண்ணினாள். செல்வியும் வயசுக்கு வந்ததிலிருந்து அப்படித்தான். இருந்தும் எந்த முதல் நாள் என்று சொல்லத் தோன்றவில்லை. தாளில் இருந்ததை வாசித்தாள், அவ்வளவுதான்.

கோவிந்தம்மாவின் எட்டு, தாளின் பதினொன்று. உடம்பு சரியாகவே சொல்லியிருக்கிறது. வரச்சொல்லிக் கார்டு எழுதவைத்த நாளில் புருஷன் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். ஏழு மாதமும்.

தை பிறக்க இருபத்தெட்டு நாள். ஒரே ஒரு கணக்கு மிச்சம்.

“இந்தத் தடவ அஞ்சாவது கொட்டைக்கே கார்டு போடு. எட்டுக்கு அவர் இங்க இருக்கணும்.”

“இத்தினி மாசம் பதினொண்ணுன்ன, இப்ப எட்டுன்ற? எங்க தப்பாச்சி?”

கோவிந்தம்மாவே ஒரு பதிலைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள்.

“என் ஒடம்புலதான் தப்பா நர்ஸம்மா?”

5

இரண்டு முடிவு எழுதிப்பார்த்தேன். ஒன்றில் கார்டு போகிறது, ராஜவேலு வருகிறான், புரட்டாசியில் பெண் குழந்தை. இன்னொன்றில் தையில் வீட்டு வாசலில் பந்தல் போடுகிறார்கள். புதுப்பெண்ணுக்குக் கோவிந்தம்மாவே ஆரத்தி கரைக்கிறாள். எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. பொங்கலுக்கு முன்பே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு பொன்னேரிப் பக்கம் போய்விட்டேன். நான்தான். முதல் அடித்தலிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கோவிந்தம்மா கேட்டதற்கு நான் “ஆமா” என்றேன்.

தெருவெல்லாம் சொல்லிவிடுவாளோ, வேலை போய்விடுமோ என்று பயம். ஒரு வார்த்தைதான். அதைக் கேட்டபிறகும் அவள் ஐந்தாவது கொட்டைக்குக் கார்டு போட்டாளா? தப்பான உடம்புக்கு எதற்குக் கார்டு என்று டப்பாவை மூடிவைத்துவிட்டாளா? முதல் முடிவை எழுதினால் என்னை நானே மன்னித்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது. இரண்டாவதை எழுதினால் என்னை அடித்துக்கொள்வதற்காக மறுபடியும் அவளைத் தண்டிக்கிற மாதிரி இருக்கிறது. ஒன்றும் புரியவில்லை. அதனால் முடிவு எழுதப்போவதில்லை. அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிட்டு இடம் விட்டிருக்கிறேன்.

“என் ஒடம்புலதான் தப்பா நர்ஸம்மா?”

“(                    )” என்றாள் செல்வி.

நீங்கள் நிரப்புங்கள். எழுதினால் மட்டும் போதாது, அவளுக்குப் படிக்கத் தெரியாது. சத்தமாகச் சொல்லுங்கள்.