வலப்பக்கத்து ஆள்

நுமேரியஸை டிரிப்யூனாகத் தேர்ந்தெடுத்த மறுநாளே அவன் தன் வீட்டு வாசற்கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டான். உதவி கேட்டு வருகிறவனுக்காக டிரிப்யூன் வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

"திறந்து வெச்சா காத்துல சாத்திக்கும். அப்புறம் ஓடி வர்றவன் நின்னு தட்டணும். எதுக்கு?" என்றான்.

அவன் மனைவி ஹோஸ்டியா அந்தக் குளிர்காலம் முழுக்க அவனைத் திட்டித் தீர்த்தாள். ஆடு உள்ளே வந்தது. எதிர்வீட்டுப் பன்றி வந்து கூழ்ப் பானையில் வாய் வைத்தது. நான் அடுத்த வீட்டுக்காரன், தோல் பதனிடுகிறவன். என் தொழிலின் வாடையும் அந்த வாசல் வழியாகத் தாராளமாக உள்ளே போனது.

எங்கள் அவென்டைன் குன்றில் இருப்பவர்கள் எல்லோரும் சாமானியர்கள். ஊரையும் படையையும் ஒரு வருஷம் ஆள்கிற கான்சலாகிற உரிமை பெருங்குடிகளுக்கு. பூசை செய்கிற உரிமையும் சட்டம் இன்னதென்று சொல்கிற உரிமையும்கூட அவர்களுக்குத்தான். எங்களுக்கு இருந்தது ஐந்து டிரிப்யூன்கள், குறுக்கே நின்று அதிகாரியின் கையைத் தடுக்கிறவர்கள். அவர்களுக்குப் படை கிடையாது, முன்னால் கோல் பிடித்து நடக்க ஆள் கிடையாது. உடம்பு ஒன்றுதான் ஆயுதம். அந்த உடம்பின் மேல் எவன் கை வைத்தாலும் அவனை யார் வேண்டுமானாலும் கொல்லலாம், பழி கிடையாது என்று, பெருங்குடிகளை எதிர்த்து நாங்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போய் மலைமேல் உட்கார்ந்த காலத்தில் சத்தியம் செய்திருந்தோம். எட்டு வருஷமாக அந்தச் சத்தியத்தை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

நுமேரியஸ் சக்கரம் செய்கிறவன். நாற்பது வயது, குறைவான பேச்சு. அவனை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு அவன் தம்பி கைஸோதான் பாதிக் காரணம். முந்தின இலையுதிர்காலத்தில் ஈக்வி மலைக்காரர்களோடு நடந்த சண்டையில் கைஸோ செத்துப்போனான். வரிசையில் நிற்கும்போது ஒருவனுடைய கேடயம் அவனுடைய இடப்பக்கத்தை மறைக்கும். வலப்பக்கத்துக்குக் காவல் அடுத்து நிற்பவனுடைய கேடயம். கைஸோவுக்கு வலப்பக்கம் நின்றவன் வோபிஸ்கஸ். மலைக்காரர்கள் கத்திக்கொண்டு இறங்கியதும் வோபிஸ்கஸ் கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடினான். கைஸோவின் வலது விலாவில் ஈட்டி இறங்கியது. பின்னால் நின்றிருந்த நாலைந்து பேர் இதைப் பார்த்தார்கள். நானும் அதில் ஒருவன்.

கைஸோவின் மனைவி டிட்டியா போக்கிடமில்லாமல் நுமேரியஸின் வீட்டிலேயே இருந்தாள். வெளிச்சத்துக்காகத் தறியை வாசலுக்கு நேரே போட்டிருந்தாள்.

வசந்தம் வந்ததும் கான்சல் மறுபடி படை திரட்டினார். கேப்பிடல் குன்றின் மேல் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவன் முன்னே வந்து பதில் சொல்ல வேண்டும். வோபிஸ்கஸின் பேரைக் கூப்பிட்டார்கள். கூட்டத்தில்தான் நின்றிருந்தான், ஆனால் வாய் திறக்கவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டபோது திரும்பி ஓட ஆரம்பித்தான்.

வேறு காரணம் ஏதாவது இருந்திருந்தால் நன்றாக இருக்கும். உழவு கிடக்கிறது, வீட்டில் நோயாளி என்று எதுவுமில்லை. அவனுக்குப் பயம். அவ்வளவுதான்.

குன்றிலிருந்து இறங்கி, மாட்டுச் சந்தையைக் கடந்து, எங்கள் மேட்டில் ஏறி, கதவில்லாத அந்த வாசலுக்குள் அவன் விழுந்தடித்து நுழைந்தபோது எதிரே இருந்தவள் டிட்டியா. அவனுக்கு அவள் யாரென்று தெரியாது.

"அம்மா, டிரிப்யூன் இருக்காரா? கூப்பிடுங்கம்மா. பின்னாடியே வராங்க."

அவளுக்கு அவன் யாரென்று தெரியும். சந்தையில் யாரோ காட்டியிருக்கிறார்கள்.

"இல்ல," என்றாள்.

"எங்க போயிருக்காரு?"

"தெரியாது. நீ வெளிய போ."

அதற்குள் கான்சலின் கோல்காரர்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஒருவன் ஸ்பூரியஸ், எங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் வாசலில் தயங்கி நின்றான்.

"அண்ணன் உள்ள இருக்காராம்மா?"

"இல்லன்னு இப்பத்தானே சொன்னேன்."

அவர்கள் வோபிஸ்கஸின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

நுமேரியஸ் பின்கட்டில் இருந்தான். சக்கரத்துக்கான ஆரக்கால் ஒன்றை உட்கார்ந்து கத்தியால் சீவிக்கொண்டிருந்தான். வாசலில் பேசியது ஒரு சொல் விடாமல் அவன் காதில் விழுந்தது. இதை அவனே பின்னால் என்னிடம் சொன்னான். வோபிஸ்கஸின் குரல், டிட்டியா 'இல்ல' என்றது, ஸ்பூரியஸ் கேட்டது, அவள் மறுபடி சொன்னது எல்லாம் கேட்டது. அவன் ஆரக்காலைச் சீவிக்கொண்டேதான் இருந்தான். அதை முழுசாகச் சீவி முடித்ததும் அடுத்ததை எடுத்தான். அதையும் பாதி சீவினான். அப்புறம் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முன்கட்டுக்கு வந்தான்.

ஹோஸ்டியா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள், "நான் எதையும் பாக்கல. நீங்களும் எதையும் கேக்கல. வேலையைப் பாருங்க."

டிட்டியா தறியிலிருந்து கையை எடுக்கவில்லை. நுமேரியஸ் அவளைத் தாண்டி வெளியே போனான்.

அவன் ஓடவில்லை, நடந்துதான் போனான். நான் தோலை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் போனேன். நியாயத்துக்காகப் போனேன் என்று சொல்ல மாட்டேன். வோபிஸ்கஸ் அடிபடுவதைப் பார்க்கத்தான் போனேன்.

மன்றத் திடலில் கம்பத்தில் கட்டி, சட்டையைக் கிழித்துவிட்டிருந்தார்கள். முதுகில் இரண்டு வரி விழுந்திருந்தது. நுமேரியஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய், கம்பத்துக்கும் பிரம்புக்கும் நடுவில் நின்றான். ஸ்பூரியஸ் பிரம்பை ஓங்கியபடியே நின்றுவிட்டான்.

"தடுக்கிறேன்," என்றான் நுமேரியஸ்.

ஸ்பூரியஸ் மெதுவாகக் கையை இறக்கினான். "அண்ணே, தள்ளி நில்லுங்கண்ணே. கை தவறி உங்க மேல பட்டுச்சுன்னா என் உசிரு போயிடும்."

"அப்போ பிரம்பைக் கீழ போடு."

கான்சல் தன் தந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், முந்தின வருஷப் படையில் குதிரைக்காரர்களை நடத்தியவர். கோபப்படவில்லை. நுமேரியஸைக் கிட்டே வரச் சொன்னார். அவன் வரவில்லை. கம்பத்தை விட்டு நகர்ந்தால் அடி விழும் என்பது இருவருக்குமே தெரியும். அதனால் அவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே பேச வேண்டியதாயிற்று.

"இவன் யாருன்னு தெரியுமாப்பா உனக்கு?"

"தெரியும்."

"உன் தம்பி பக்கத்துல நின்னவன்."

"தெரியும்னு சொன்னேன்."

"ஓடினவனுக்கு அன்னிக்கே தண்டனை குடுத்திருக்கணும். பழைய கான்சல் விட்டுட்டார். நான் குடுக்கிறேன். எனக்காக இல்ல, உனக்காகன்னே வெச்சுக்கோயேன். நீ வீட்டுக்குப் போ. இதை நீ பாக்கவே வேண்டாம்."

"ஓடினதுக்காக நீங்க இவனை விசாரிக்கலை. பேரைக் கூப்பிட்டதுக்குப் பதில் சொல்லலைன்னு கட்டி வெச்சிருக்கீங்க. எங்கிட்டத்தான் உதவி கேட்டு வந்தான்."

"நீ வீட்டுல இல்லன்னு சொன்னாங்களாமே?"

"இருந்தேன்," என்றான் நுமேரியஸ்.

கூட்டத்தில் எங்கள் ஆட்கள்தான் அதிகம். ஆனால் அன்றைக்கு யாரும் அவன் பக்கம் இல்லை. "சக்கரக்காரா, விலகுடா," என்று ஒருவன் கத்தினான். "இந்தக் கோழைக்காகவா உன்னைத் தேர்ந்தெடுத்தோம்?" என்றான் இன்னொருவன். நானும் கத்தினேன். "உன் தம்பி இருந்தா காறித் துப்புவான்," என்றேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கான்சல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சரி, நில்லு. எவ்வளவு நேரம் நிக்கிறேன்னு பாக்கிறேன். எனக்கு இன்னிக்கு வேற வேலையில்லை."

பொழுது சாய்ந்தால் அரசுக் காரியம் முடிந்தது. அது பெருங்குடிகளே வைத்த விதி. உச்சிப்பொழுதிலிருந்து அந்திவரை நுமேரியஸ் அங்கேயே நின்றான். உட்காரவில்லை, உட்கார்ந்தால் பிரம்புக்கு இடம் கிடைத்துவிடும். கோல்காரர்கள் முறை மாற்றிக்கொண்டார்கள். கான்சலுக்கு அத்திப்பழமும் தண்ணீர் கலந்த திராட்சை மதுவும் வந்தன.

நடுவில் ஒரு தடவை வோபிஸ்கஸ் கம்பத்தில் முகத்தைச் சாய்த்தபடி பேச ஆரம்பித்தான். "அண்ணே, அன்னிக்கு என்ன ஆச்சுன்னா..."

"எங்கிட்டப் பேசாத," என்றான் நுமேரியஸ்.

வெயில் சரிய ஆரம்பித்தபோது டிட்டியா வந்தாள். கையில் தண்ணீர்க் குடுவை. கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. விதவை வந்து ஏதாவது பேசினால் நுமேரியஸ் விலகிவிடுவான் என்று கான்சல் நினைத்திருக்க வேண்டும், நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் குடுவையை நுமேரியஸிடம் கொடுத்தாள். அவன் அண்ணாந்து குடித்தான். அவள் கம்பத்தைச் சுற்றி மறுபக்கம் போய் வோபிஸ்கஸின் முகத்துக்கு நேரே நின்றாள்.

"நான் கைஸோவோட சம்சாரம்," என்றாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"கண்ணைத் திற. அவர் கடைசியா என்ன சொன்னார்?"

"எனக்குத் தெரியாதும்மா. நான்... நான் அங்க இல்ல."

"ஓடும்போது ஒண்ணும் காதுல விழலையா?"

கண்ணைத் திறந்து சொன்னான். "என் பேரைக் கூப்பிட்டாரு. ரெண்டு தடவை."

"நீ திரும்பிப் பாத்தியா?"

"இல்ல."

டிட்டியா தலையை ஆட்டினாள், கேட்டது கிடைத்துவிட்ட மாதிரி. நுமேரியஸிடமிருந்து குடுவையை வாங்கிக்கொண்டாள். அடியில் மிச்சம் இருந்தது. அதை மண்ணில் கொட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு கூட்டத்தில் கத்தல் அடங்கிவிட்டது. ஏன் என்று எனக்குத் தெரியாது. சிலர் வீட்டுக்குப் போனார்கள். நான் போகவில்லை.

சூரியன் ஜானிகுலம் மேட்டுக்குப் பின்னால் இறங்கியதும் கட்டியங்காரன் பொழுது முடிந்ததென்று கூவினான். கான்சல் எழுந்தார். ஸ்பூரியஸைப் பார்த்து அவிழ்க்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, நுமேரியஸிடம் சொன்னார்: "நாளைக்கும் பொழுது விடியும்பா."

"விடியும். நானும் வருவேன்," என்றான் நுமேரியஸ்.

கயிற்றை அவிழ்த்ததும் வோபிஸ்கஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான். நுமேரியஸின் காலைத் தொடப் போனான். நுமேரியஸ் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"நாளைக்கு மறுபடி பேரைக் கூப்பிடுவாங்க. பதில் சொல்லு."

"முடியலைன்னா, அண்ணே?"

"அப்பவும் எங்கிட்டத்தான் ஓடி வருவே. நானும் வந்து நிப்பேன். அது என் வேலை. ஆனா நீ பதில் சொல்லு."

மறுநாள் முதல் பேராக அவனைத்தான் கூப்பிட்டார்கள். பதில் சொன்னான். குரல் எங்களுக்குக் கேட்கவில்லை, உதடு அசைந்தது. படையோடு போனான். அவன் கேடயத்தை நம்பி அவனுக்கு இடப்பக்கம் நிற்க யாரும் சம்மதிக்காததால் வரிசையின் இடக்கோடியில் நிறுத்தினார்கள். அந்த வருஷம் மலைக்காரர்கள் இறங்கவே இல்லை. நாற்பது நாள் பாசறையில் உட்கார்ந்து கொசுக்கடி பட்டுவிட்டு எல்லோரும் திரும்பி வந்தோம். அவன் தைரியசாலியானானா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அவன் எங்கள் தெருப் பக்கம் வந்ததில்லை. ஆற்றங்கரைக்குப் போக வேண்டுமென்றால்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவான்.

கான்சல் அந்தப் பிரம்படியை மறுபடி எடுக்கவில்லை. ஆனால் திடலில் அன்று நடந்தது ஊர் முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு கோல்காரர்கள் யாரையாவது பிடித்தால், பிடிபட்டவன் முதலில் சொல்வது ஒரு டிரிப்யூனின் பேரைத்தான். கோல்காரர்களும் கொஞ்சம் நின்று யோசித்தார்கள். அந்த வருஷம் எங்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

நுமேரியஸுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அடுத்த தேர்தலில் எங்கள் தெருவே அவன் பேரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவன் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

டிட்டியா துக்கம் காத்த பத்து மாசம் முடிந்து, அறுவடைக்குப் பிறகு, ஆற்றுக்கு அக்கரையில் உப்பு வியாபாரம் செய்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு வாசலில் நடந்ததிலிருந்து அவளும் நுமேரியஸும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது கிடையாது. என்ன வேண்டுமென்றாலும் ஹோஸ்டியா வழியாகத்தான். புறப்படுகிற நாள் காலையில் அவள் பின்கட்டுக்குப் போய் நின்றாள். மூட்டைகளை வண்டியில் ஏற்றிக் கொடுக்க நானும் வந்திருந்தேன்.

"பெரியத்தான், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அன்னிக்கு நான் இல்லன்னு சொன்னது உங்களுக்குப் பின்னாடி யாராவது வந்து சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலை. எனக்கே கேட்டுச்சு."

"எப்போ?"

"நீ சொன்னப்பவே."

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்பவே எழுந்து வந்திருக்கலாமே."

"வந்திருக்கலாம்," என்றான். "அவங்க தெருமுனை தாண்டட்டும்னு உக்காந்திருந்தேன்."

"அப்புறம் ஏன் போனீங்க?"

"தெரியலம்மா. உக்கார முடியலை."

ஹோஸ்டியா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். வெயில் ஏறுவதற்குள் பாலத்தைக் கடந்துவிட வேண்டும். டிட்டியா குனிந்து தன் கடைசி மூட்டையைத் தூக்கினாள். நுமேரியஸ் அதை அவள் கையிலிருந்து வாங்கி, வண்டி வரைக்கும் சுமந்துகொண்டு போய் வைத்தான்.