அம்சாவின் நான்கு அடுப்புகள்

படூரில் எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர் சதாசிவம், அணுசக்தி அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். லிஃப்ட் நின்றுபோனால்கூட விஞ்ஞான ரீதியாகத்தான் திட்டுவார். இந்த வருடம் வலிப்பு நோய்க்குப் புதிய சிகிச்சை தேடும் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதென்று முடிவெடுத்தார். சர்க்கரை நோயைப் போன வருடமே பக்கத்துக் குடியிருப்பு எடுத்துக்கொண்டுவிட்டது.

மாமல்லபுரம் கடற்கரையில் ஞாயிறு காலை மூன்று கிலோமீட்டர் நடை. அதற்குப் பதினோரு கமிட்டிக் கூட்டம். எல்லோருக்கும் ஊதா டி-சர்ட்.

நீர்மோர் ஊற்ற, சதாசிவத்தின் மனைவி பிரபாவதி அம்சாவைக் கூட்டி வந்திருந்தாள். அம்சா எங்கள் பிளாக்கில் நான்கு வீடுகளுக்குச் சமைப்பவள். அவளுக்கும் வலிப்பு உண்டு. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி மாத்திரையில் மூன்று வருடமாக ஒன்றும் வரவில்லை. இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. முன்பு கேளம்பாக்கத்தில் ஒரு வீட்டில் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். கேஸ் அடுப்பு ஆபத்து என்று அன்று மாலையே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதன்பின் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"இன்னாம்மா எழுதிகீது இதுல?" என்று டி-சர்ட்டை விரித்துக் கேட்டாள்.

"வலிப்பு வந்தா வெட்கப்பட ஒண்ணுமில்லன்னு போட்டிருக்கு," என்றாள் பிரபாவதி.

"நல்லாத்தான் கீது. ஆனா மோர் சிந்தும்மா." மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நடை முடிந்து மேடையில் சதாசிவம் மூடநம்பிக்கைகளை முப்பது நிமிடம் வெளுத்தார். பிறகு ரஞ்சித்குமாரை அழைத்தார். திருப்போரூரில் மனை விற்பவர். இரண்டு லட்சம் கொடுத்துவிட்டு, பேனரில் பேர் வேண்டாம் என்றவர். மனை விற்கிறவர் விளம்பரம் வேண்டாம் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? வற்புறுத்தி மேடையேற்றி, கதவளவு அட்டைக் காசோலையைக் கையில் கொடுத்தார்கள். காசோலையோடு விழுந்தார். கைகால் வெட்டி இழுத்தது.

"இரும்பு! யாராவது சாவி குடுங்க!" என்று முதலில் கத்தியவர் சதாசிவம்.

ஏழு சாவிக்கொத்துகள் நீண்டன. அதில் ஒன்று என் கார் சாவி. அது முழுக்க பிளாஸ்டிக்.

மோர் கரண்டியைப் போட்டுவிட்டு அம்சா ஓடிவந்தாள். "தள்ளிப் போங்க எல்லாரும்! சாவியெல்லாம் அப்பால வையிங்க. கைய அமுக்கிப் புடிக்காதீங்க!" டி-சர்ட்டை எடுத்து அவர் தலைக்கடியில் வைத்தாள். "ஐயா, மணி பாருங்க. அஞ்சு நிமிசம் தாண்டுனா நூத்தியெட்டுக்கு அடிக்கணும்."

சதாசிவம் கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சை அழுத்தினார். "ஒண்ணு நாப்பது... ரெண்டு..." என்று எண்ணினார்.

இரண்டு பத்தில் இழுப்பு நின்றது. அம்சா அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள்.

"உனக்கு எப்படிடி இதெல்லாம் தெரியும்?" என்றாள் பிரபாவதி.

டிவியில் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாயைக்கூடத் திறந்துவிட்டாள். ஆனால் அதற்குள் ரஞ்சித்குமார் கண் விழித்து, கூட்டத்தைப் பார்த்து, அட்டைக் காசோலையை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளப் பார்த்தார்.

"எல்லாரும் பாத்துட்டாங்களா?"

"பாத்தா பாக்கட்டும் அண்ணாத்த," என்று அம்சா அட்டையை மெல்ல விலக்கினாள். "எனக்குந்தான் வரும். நாலு வூட்ல சமைக்கிறேன்."

மாலைக்குள் அந்த நாலு இரண்டாயிற்று. இரண்டு வீடுகள் போனில் நிறுத்திவிட்டன. ஒரு வீடு நிதிக்கு ஐயாயிரம் கொடுத்து, வரிவிலக்கு ரசீது வாங்கிய வீடு. இன்னொன்று எங்கள் வீடு.

திங்கள் காலை ஆறரைக்கு அம்சா மணியடிக்காமல் பிரபாவதி வீட்டு வாசலில் நின்றாளாம்.

"ஏன் நிக்கற? மாவு பொங்கி வழியுது, வா."

சமையலறையில் நாற்காலி போட்டு சதாசிவம் உட்கார்ந்திருந்தார். மடியில் தலையணை, கையில் ஸ்டாப்வாட்ச்.

"இன்னாத்துக்குய்யா இது?"

"வந்தா நேரம் பாக்கணுமில்ல?"

"மூணு வருசமா வரல. வர்ற வரிக்கும் இங்கியே குந்திகினு இருப்பீங்களா? எழுந்துருங்க, தாளிக்கணும்."

எழுந்தவர் தயங்கினார். "அந்த ரெண்டு வீட்டுலயும் நான் பேசிப் பாக்கட்டுமா?"

"பேசுங்கய்யா. முப்பது நிமிசம் மட்டும் வேணாம்."

எட்டு மணிக்கு எங்கள் வீட்டு மணி அடித்தது. நான் கிண்டிய உப்புமா உள்ளே கருகிக்கொண்டிருந்தது. சதாசிவம் வாசலிலேயே நின்று பேசினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை அம்சா எங்கள் அடுப்பைப் பற்றவைத்தாள். அந்த ரசீது வீட்டுக்குச் சதாசிவம் இன்னும் போய்வந்துகொண்டிருக்கிறார்.