சத்தியபாமா நட்ட ஹொப்ஸ்

சத்தியபாமா ஹொப்ஸ் நட்டது பியருக்காக அல்ல. மெல்பேணில், பிரெஸ்டன் பக்கம் அவர்கள் வாங்கிய வீட்டின் குசினி யன்னல் மேற்கைப் பார்த்திருந்தது. அங்கே கோடையான தை, மாசியில் பின்னேர வெயில் அடுப்படிவரை வந்து நிற்கும். நிழலுக்காகப் புடலையும் பாகலும் போட்டுப் பார்த்தாள். அந்த ஊரின் இரவுக் குளிரில் இரண்டுமே முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை.

1974 ஆவணியில் பக்கத்து வீட்டு டொரீன், ஈரப் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு கிழங்குத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். பார்ப்பதற்கு மெலிந்த இஞ்சி போல இருந்தது. டொரீனின் அண்ணன் மேர்ட்டில்ஃபோர்ட் மலைப்பக்கத்தில் பியர்க் கம்பனிகளுக்கு ஹொப்ஸ் பயிரிடுபவர். பியருக்குக் கசப்பையும் வாசத்தையும் கொடுப்பது அந்தக் கொடியின் பூதான். கோடையில் கூரைவரை ஏறி நிழல் தரும், குளிர் வந்ததும் தானே பட்டுப்போய் வெயிலுக்கு வழிவிடும் என்றாள் டொரீன். சத்தியபாமாவுக்கு அது போதுமாக இருந்தது.

அவள் யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படிப்பித்தவள். இங்கே அந்தப் பட்டத்தை யாரும் ஏற்கவில்லை. ஒரு பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவும் வேலை கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கைகளை மண்ணுக்குள் வைத்தால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

கிழங்கின் கண்கள் மேலே பார்க்கக் கிடையாகக் கிடத்தி, மண்ணால் மூடி, எருவும் போட்டாள். முதல் கோடையில் ஒரு கைப்பிடிப் பூதான் கிடைத்தது. அடுத்த குளிரில் கிழங்கைத் தோண்டிப் பிரித்துச் சுவரோரமாகப் பரவலாக நட்டாள். ஏணி வைத்துத் தாழ்வாரத்திலிருந்து சணல் கயிறு கட்டிவிட்டாள். கொடியின் தண்டு முழுவதும் முள் போன்ற சுணை. அவளுடைய கைகள் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சிவந்து தடித்தன. கணவர் தேவராஜா ஒருமுறை வெளியே வந்து, கூரைத் தண்ணீர் ஓடும் பீலி உடைந்துவிடுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். இரண்டு வருடத்தில் அந்தக் கொடிக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு அவ்வளவுதான்.

1976 பங்குனியில் கொடியே தெரியாத அளவுக்குப் பூத்தது. பூக்களைப் பிடுங்கி, கராஜில் நுளம்பு வலையை விரித்து அதன்மேல் காயவைத்தாள். உள்ளே நுழைந்தால் பச்சைக் கசப்பு வாசம் தொண்டையில் பிடித்தது. வீட்டில் பியர் காய்ச்சலாம் என்று சட்டம் மாறிச் சில வருடங்களே ஆகியிருந்தன. தேவராஜா எஞ்சினியராக வேலை செய்த தொழிற்சாலையில் எல்லோருக்கும் அதுவே பேச்சு. அவர் ஒரு பை நிறையப் பூவைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் கேட்டபோது சத்தியபாமா சந்தோஷமாகத்தான் சம்மதித்தாள்.

அந்தப் பூவைப் போட்டுக் காய்ச்சிய கொலின் என்பவனுக்கு, தொழிற்சாலை ஆட்கள் நடத்திய பியர்ப் போட்டியில் முதலிடம் கிடைத்தது. ஹொப்ஸ் வளர்த்தவருக்கும் ஒரு வெற்றிக் கோப்பை உண்டு, குடும்பத்தோடு வாருங்கள் என்றார்கள். சத்தியபாமா நல்ல சேலையாகப் பார்த்து உடுத்துக்கொண்டு, டொரீனையும் கூட்டிக்கொண்டு போனாள்.

விழா ஒரு மதுச்சாலையில். வாசலிலேயே, பெண்களுக்கான அறை பக்கத்தில் என்று ஒருவன் கையைக் காட்டினான். சட்டம் ஒன்றுமில்லை, அங்கே அதுதான் வழக்கம். தேவராஜா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். சத்தியபாமாவும் டொரீனும் பெண்கள் அறையில் உட்கார்ந்தார்கள். இரண்டு அறைக்கும் நடுவில், கிளாஸ் நீட்டுகிற சிறிய யன்னல் இருந்தது. அதன் வழியாகக் கைதட்டல் கேட்டது. எப்படி வளர்த்தாய் என்று யாரோ கேட்டார்கள். கண்கள் மேலே பார்க்கக் கிழங்கைக் கிடையாக வைக்கவேண்டும், எருதான் முக்கியம் என்று அவளுடைய புருஷன் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் அவள் சொன்ன அதே வார்த்தைகள். அப்போது அவர் பத்திரிகையை மடித்துக்கூட வைக்கவில்லை. பிறகு ஒருவன், ஏணியில் ஏற உனக்குப் பயமில்லையா என்று கேட்டான். அவர் சிரித்தார்.

சத்தியபாமா எழுந்து ஆண்கள் இருந்த மண்டபத்துக்குள் நடந்து போனாள். மதுச்சாலைக்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

“கிழங்கைப் பற்றி என்னைக் கேளுங்கள், நட்டது நான்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஒருவரும் கேட்கவில்லை. கொஞ்சப் பேர் சிரித்தார்கள். தேவராஜா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

காரில் வரும்போதுதான் அவர் வாய் திறந்தார். “அத்தனை பேருக்கு முன்னால என்னெண்டு சொல்லுறது? பகிடியாப் போச்சுது. விடும்.”

“பொய் சொல்லேக்க மட்டும் அத்தனை பேர் நிண்டது தெரியேல்லையோ?”

அதற்குப் பிறகு இருவரும் வேண்டிய அளவுக்கு மட்டுமே பேசினார்கள். கோப்பையை வீட்டுக்குள் கொண்டுவர அவள் விடவில்லை.

ஆனால் உண்மையான அநியாயம் ஆவணியில்தான் நடந்தது. ஒரு சனிக்கிழமை டொரீனோடு சந்தைக்குப் போய் வந்தவள், சுவரோரம் முழுவதும் கிண்டிப் போட்டிருப்பதைக் கண்டாள். மண்வெட்டி வெட்டிய கிழங்குச் சிதறல்கள் வெள்ளை வெள்ளையாக மண்ணில் கிடந்தன. இளம் முளைகள் மிதிபட்டிருந்தன. தேவராஜா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

“கொலினும் வேலைத்தளத்து மிக்கும் வந்தவை. நடுறதுக்குத் தாறன் எண்டு முந்தியே சொல்லிப்போட்டன். மண்ணுக்குள்ள கிடக்கிற கிழங்குதானே.”

“ஆரின்ர கிழங்கு?”

சந்தைப் பையைக்கூட அவள் இறக்கி வைக்கவில்லை. காரை எடுங்கோ என்றாள். நாளைக்குப் பார்ப்போம் என்றார். அப்படியானால் பஸ்ஸில் போகிறேன், ஆனால் போய்ச் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது என்றாள். அவர் சாவியை எடுத்தார்.

கொலினின் வீட்டு வாசலில் தேவராஜா, ஒரு சின்னக் குழப்பம் நடந்துவிட்டது என்று ஆரம்பித்தார்.

“குழப்பமில்லை,” என்றாள் அவள் பின்னால் நின்று. “நடந்ததைச் சொல்லுங்கோ.”

அவர் கொலினைப் பார்த்துச் சொன்னார்: “அவை என்னுடையவை இல்லை. நட்டது, வளர்த்தது எல்லாம் என் மனைவி. அன்றைக்கு நான் பொய் சொன்னேன். கொடுக்கவும் எனக்கு உரிமையில்லை.”

கொலினுக்குக் காதுவரை சிவந்தது. சாக்கை அப்படியே கொண்டுவந்து அவளுடைய கையில் கொடுத்தான், அவருடைய கையில் அல்ல. பிறகு தயங்கித் தயங்கி, தனக்கு ஒரே ஒரு துண்டு தர முடியுமா என்று அவளிடமே கேட்டான். சாக்குக்குள் கைவிட்டு, நல்ல கண்களுள்ள துண்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். எப்படி நடுவது என்றும் சொன்னாள். அவன் இரண்டுமுறை திருப்பிக் கேட்டுக்கொண்டான்.

அடுத்து மிக்கின் வீட்டுக்குப் போனார்கள். மிக் வேறு ரகம். கொடுத்தது கொடுத்ததுதான் என்றான். தோட்டத்துக் களைக்கெல்லாம் பெண்டாட்டியிடம் அனுமதி கேட்கிற வழக்கம் தன் வீட்டில் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். சத்தியபாமா காருக்குத் திரும்பினாள். தேவராஜா திரும்பவில்லை. மறுபடியும் மணியை அடித்துவிட்டு நின்றார். கதவு திறக்கவில்லை. திங்கட்கிழமை வேலைத்தளத்தில், சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருக்கும்போது, என் மனைவியின் கிழங்குகளைத் திருப்பிக் கொடு என்று கேட்டாராம். மிக் ஒரு கிழமை கழித்துச் சாக்கைக் கொடுத்துவிட்டான். ஷெட்டில் சும்மா போட்டு வைத்திருந்ததால் எல்லாம் வற்றிக் குச்சியாகக் கிடந்தன. சத்தியபாமா ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்துவிட்டு அவற்றை உரக் குழிக்குள் கொட்டினாள். இதை ஏன் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று டொரீன் கேட்டாள். மறக்கும்படியாக ஒருவனும் எதையும் செய்யவில்லையே என்று சத்தியபாமா திருப்பிக் கேட்டாள்.

கொலினிடமிருந்து மீட்டதை நட்டாள். ஐப்பசியில் முளைகள் கயிற்றைத் தேடி எழுந்தபோது தேவராஜா தோட்டத்துக்கு வந்து பக்கத்தில் நின்றார். அவள் ஒரு கொடியை அவரிடம் விட்டாள். அவர் அதைக் கயிற்றருகே பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கமாகச் சுற்றவேண்டும் என்று கேட்டார்.

“மணிக்கூட்டு முள்ளுப் போற பக்கம்,” என்றாள். “மற்றப் பக்கம் சுத்தினா அவிண்டு போயிடும்.”

அவர் மெதுவாகச் சுற்றினார். சுணை பட்டு விரல் சிவந்தபோதும் கையை எடுக்கவில்லை.