லெஸ்டர் ப்ரூயிட் போட்ட கையெழுத்து

பேஸ்பால் அட்டை சேர்க்கிறவனைக் கட்டிக்கொண்டவளுக்குச் சொந்த வீட்டில் சாப்பாட்டு அறை என்று ஒன்று கிடையாது. எங்கள் வீட்டில் பெரிய மேஜை இருக்கிறது, ஆறு நாற்காலிகளும் இருக்கின்றன. ஆனால் நன்றி நாள் விருந்தைக்கூட நாங்கள் அடுக்களையில் முழங்கையோடு முழங்கை இடித்துக்கொண்டுதான் சாப்பிடுகிறோம். மேஜை முழுக்க என் கணவர் எமிலின் ஆல்பங்கள்.

பத்து வயதில் சூயிங்கம் பொட்டலத்தோடு வந்த, ஆட்டக்காரர் படம் போட்ட அட்டைகளில் ஆரம்பித்த பைத்தியம் இது. தபால்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு இன்னும் முற்றிவிட்டது. ஐம்பத்தொன்பதாம் வருஷத்து அட்டைகளை ஒன்று விடாமல் சேர்த்துவிட வேண்டும், அதுவும் அச்சகத்திலிருந்து நேற்று வந்ததுபோல இருக்க வேண்டும். அதற்காகவே பிறவி எடுத்திருக்கிறார் மனுஷர். எல்லாம் சேர்ந்துவிட்டது, ஒரே ஒரு அட்டையைத் தவிர. அது ஏதோ பெரிய வீரனின் அட்டை என்று நினைத்துவிடாதீர்கள். லெஸ்டர் ப்ரூயிட் என்று ஒருவர், ஒரே ஒரு கோடை ஆடிவிட்டுக் காணாமல் போனவர். பெரிய ஆட்டக்காரர்களின் அட்டைகளைப் பையன்கள் பத்திரப்படுத்தினார்கள். லெஸ்டர் ப்ரூயிட்டை சைக்கிள் சக்கரத்தில் செருகிக் கடகடவென்று ஓட்டித் தேய்த்தார்கள். அதனால்தான் நல்லதாக ஒன்று கிடைக்க மாட்டேன் என்கிறது.

கிடைக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. தீயணைப்பு நிலையத்து ஹாலில் மாதாமாதம் நடக்கும் அட்டைச் சந்தையில் நாலைந்து முறை வந்திருக்கிறது. ஒன்றில் மூலை மழுங்கியிருக்கிறது, ஒன்றில் பின்பக்கம் சூயிங்கம் கறை, ஒன்றில் வெள்ளை ஓரம் ஒரு பக்கம் மயிரிழை அகலம். எங்கள் மகள் கோலீன் வீட்டுக்குக் கூட்டிவந்த பையன்களிடம்கூட இவர் இவ்வளவு குறை கண்டுபிடித்ததில்லை.

இதெல்லாம் எனக்குப் பழகிப்போன கூத்து. ஆனால் இந்த வருஷம் என் முழங்கால்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. படுக்கை மாடியில், துணி துவைக்கும் இயந்திரம் நிலவறையில். ஒரு கூடைத் துணியோடு இறங்கி ஏறுவதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. கொலம்பஸ் நகரத்தில் கோலீன் வீட்டுக்குப் பக்கத்து வீடு விலைக்கு வந்திருந்தது. எல்லாம் ஒரே தளம், வாசலில்கூடப் படி கிடையாது. வீட்டுக்காரப் பாட்டியம்மா ஈஸ்டர் வரைக்கும் எங்களுக்காக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். எனக்கு அந்த வீடு வேண்டும். ராத்திரி கண்ணை மூடினால் அந்தத் தரைதான் வந்து நின்றது.

எமிலிடம் சொன்னால், பழகின சந்தையை விட்டுப் பாதி வேலையில் எப்படி வருவது என்றார். செட் முழுசாகட்டும், அன்றைக்கே மூட்டை கட்டுகிறேன் என்று கோலீனிடம் போனிலும் சத்தியம் செய்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஆல்பங்களை வாரித் தெருவில் போட்டிருப்பேன், மாடியிலிருந்து இறங்க முழங்கால் விடவில்லை.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தேவாலயத்தில் மீன் வறுவல் போடுவார்கள். அங்கே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு பெண்ணிடம் என் விதியைச் சொல்லி மூக்கைச் சிந்தினேன். அவள் முட்டைக்கோஸை மென்றுகொண்டே, மேற்கு வெர்ஜீனியாவில் தன் அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர் பெயர் லெஸ்டர் ப்ரூயிட் என்றாள், அவர் ஒரு காலத்தில் பேஸ்பால் ஆடினவர் என்றும் சொன்னாள்.

இத்தனை வருஷம் தேடின இவருக்கு அந்த மனிதர் உயிரோடு இருக்கிறாரா என்று ஒருமுறை விசாரிக்கத் தோன்றவில்லை. ஆளை வைத்து என்ன செய்வது, அட்டைதானே வேண்டும் என்பார். இவரிடம் மூச்சுவிடாமல் செவ்வாய்க்கிழமை நான் காரை எடுத்தேன். என் அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொன்னேன். பையில் எமிலின் பிளாஸ்டிக் உறை ஒன்றும் இருந்தது.

ஆற்றோரமாகச் சின்ன வீடு. லெஸ்டர் ப்ரூயிட் கூரை வேலை செய்து ஓய்வு பெற்றவர், நெடிய உருவம், காது கொஞ்சம் மந்தம். அவர் மனைவி ஓப்பல் பன்றித்தொடை சாண்ட்விச்சும் காபியும் வைத்தாள். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓப்பல் உள்ளே போய்க் குடும்ப பைபிளை எடுத்துவந்தாள். லெஸ்டருடைய அம்மா அந்தக் கோடையிலேயே அட்டையை அதற்குள் வைத்தாராம், அப்புறம் யாரும் தொடவில்லையாம்.

எமிலோடு குப்பை கொட்டி எனக்கும் கண் பழகிவிட்டது. நாலு மூலையும் கூர். நாலு ஓரமும் சமம். பின்பக்கம் ஒரு புள்ளி கறை இல்லை. ஒரே தளத்து வீட்டின் சாவியே என் கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். காசு வேண்டாம் என்றுவிட்டார். என் கணவர் உங்களை நாற்பது வருஷமாகத் தேடுகிறார் என்று வாய் நிறையச் சொன்னேன். அதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

"என்னையா? நாப்பது வருஷமாவா?" என்றார் லெஸ்டர். "நான் ஆடுனது எங்க ஊர்க்காரனுக்கே ஞாபகம் இல்லம்மா."

மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு போன் பக்கத்தில் கிடந்த நீலப் பேனாவை எடுத்தார்.

எமில் மாதிரி ஆட்களுக்கு எழுதின அட்டை செத்த அட்டை. அது எனக்கு நன்றாகத் தெரியும். வேண்டாம் என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அவர் நாக்கைத் துருத்திக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன்போல அழுத்தி அழுத்தி எழுதினார். 'எமிலுக்கு, என்னை மறக்காததற்கு நன்றி. லெஸ்டர் ப்ரூயிட்.' படத்தில் இருந்த இளைஞனின் மார்பு முழுக்க நீல மை. நான் சாண்ட்விச்சை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எமில் உறையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்ததும் நாற்காலியில் சரிந்தார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? எழுதாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

"நீ அங்க இருந்திருந்தா சொல்லியிருப்பியா?"

"கையைப் புடிச்சு நிறுத்தியிருப்பேன். இது செட்டுல சேராது, மார்லீன். கணக்கு அப்படியேதான் இருக்கு."

நான் கத்தினேன். நாற்பது வருஷத்துக்கும் சேர்த்துக் கத்தினேன். அவர் அசையவில்லை. அட்டையை மேஜை ஓரத்தில் தனியாகத் தள்ளி வைத்தார், சந்தையில் வேறு தேடுவேன் என்றார். ஈஸ்டருக்குப் பத்து நாள்தான் இருந்தது. கொலம்பஸ் வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிடு என்று கோலீனிடம் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. இரண்டு நாள் பார்க்கலாம் அம்மா என்றாள் அவள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறன்று பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தோம். போன் அடித்தது. ஓப்பலிடம் எங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். எதிர்முனையில் லெஸ்டர் ப்ரூயிட், காது மந்தமானவர்கள் பேசுகிற சத்தத்தில். அறைக்கே கேட்டது. அட்டை உங்க வீட்டுக்காரருக்குப் பிடிச்சிருந்ததா என்று கேட்டார். நான் போனை எமிலிடம் நீட்டினேன். பேசிப் பார்க்கட்டும் என்றுதான் நீட்டினேன்.

எமில் போனை வாங்கிக்கொண்டார். அவர் காது சிவந்துபோனது.

"கிடைச்சுதுங்க," என்றார். "ரொம்ப நன்றி. அது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு. இப்ப முழுசாயிடுச்சு."

எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அந்தப் பக்கத்துக் குரல் கேட்டது.

எமில் என்னைப் பார்த்தார், மேஜை ஓரத்தில் கிடந்த அட்டையைப் பார்த்தார். போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு ஆல்பத்தைப் புரட்டினார். காலியாகக் கிடந்த அந்த ஒரே பையில் லெஸ்டர் ப்ரூயிட்டைக் கவனமாக நுழைத்தார். அதற்கப்புறம்தான் பதில் சொன்னார்.

"ஆல்பத்துலதாங்க. உங்க இடத்துலயே இருக்கீங்க."

மேலும் கொஞ்சம் பேசினார்கள். அந்தக் கோடையைப் பற்றி லெஸ்டர் கத்திக் கத்திச் சொன்னார், எமில் உம் கொட்டினார், ஒருமுறை சிரிக்கவும் செய்தார். போனை வைத்தபோது நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

"முழுசாயிடுச்சுன்னு சொன்ன."

"அது அந்த மனுஷனுக்காகச் சொன்னது."

"அப்ப அவர்கிட்ட பொய் சொன்னியா?"

எமில் திறந்து கிடந்த பக்கத்தைப் பார்த்தார். பளிச்சென்ற எட்டு அட்டைகளுக்கு நடுவே அந்த நீல மை கண்ணைக் குத்தியது. அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும், எனக்கே வலித்தது. அட்டையை வெளியே எடுக்கக் கை போனது. போன கை நின்றது. ஆல்பத்தை மூடினார்.

"கோலீனுக்குப் போன் போடு," என்றார்.

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பாட்டுக்கு மேலே பேசிக்கொண்டு போனார். ஆல்பங்கள் ஒன்றுகூட லாரியில் ஏறாதாம். எல்லாம் காரின் பின்சீட்டில் வருமாம், ஐம்பத்தொன்பது மட்டும் அவர் மடியில். மடியில் ஆல்பம் இருந்தால் வண்டி ஓட்ட முடியாது அல்லவா, அதனால் கொலம்பஸ் வரைக்கும் இந்த முழங்கால்களோடு நான்தான் ஓட்ட வேண்டுமாம். பள்ளம் மேடு பார்த்து மெதுவாக ஓட்டு என்று வேறு சொன்னார்.