வீட்டுக்குள் இருந்த முகவரி

வடலூர் கம்ப்யூட்டர் கடையில் கொடுத்து வைரஸை நீக்கி வாங்கி வந்த மறுநாளே மருதாசலத்தின் லேப்டாப்பில் இணையம் நின்றுபோனது. வைஃபை இணைந்திருப்பதாகத்தான் காட்டியது. ஒரு பக்கமும் திறக்கவில்லை. அதே வைஃபையில் அவருடைய செல்போன் நன்றாக ஓடியது. மோடத்தை மூன்று முறை அணைத்துப் போட்டார். லேப்டாப்பை மோடத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைக்குப் போன் செய்தார்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து இருபத்தேழு வயதில் நெய்வேலிக்கு வந்தவர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் ஃபோர்மேன். வரும் மே மாதம் ஓய்வு. மனைவி இறந்து மூன்று வருடமாக இருபத்தோராம் பிளாக் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். ஒரே மகள் காயத்ரி பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாள்.

முதல் ஷிப்ட் முடிந்து அவர் குளித்துவிட்டு வந்தபோது இசைப்பிரியா ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திக்கொண்டிருந்தாள். புருஷனோடு சேர்ந்து அந்தக் கடையை நடத்துபவள் அவள்தான்.

"வைரஸ் எடுத்த பின்னாடி சில நேரம் இப்பிடி ஆவும் சார். அது போட்டு வெச்ச செட்டிங் மட்டும் அப்பிடியே நின்னுகினு இருக்கும்" என்றபடி லேப்டாப்பைத் திறந்தாள்.

இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

"இதோ பாருங்க. ப்ராக்சி ஆன்ல இருக்கு. நீங்க நேரா நெட்டுக்குப் போவ முடியாது. இன்னொரு மிஷினுக்குப் போயி, அது வழியாத்தான் வெளிய போவணும். நேத்து நாங்க எடுத்துட்ட புரோகிராம் செஞ்ச வேலை. அது இல்லாததால அந்த மிஷின் இப்ப வழி விடல."

டிக்கை எடுக்கப் போனவள் நிறுத்திவிட்டு, அந்த மிஷினின் முகவரியாக அங்கிருந்த எண்களை மறுபடி படித்தாள்.

"சார், வூட்ல வேற கம்ப்யூட்டர் எதுனா ஓடிக்கினு இருக்குதா?"

"இல்லீங்களே. நான் ஒருத்தன்தானே."

"இந்த நம்பர் வெளியூர் நம்பர் இல்ல சார். அந்த மிஷினு இந்த வூட்டுக்குள்ளதான் இருக்கு."

பகல் நான்கு மணி வெளிச்சத்தில் மருதாசலம் தன் சொந்த ஹாலை வேறு யாருடைய வீட்டையோ பார்ப்பதுபோலச் சுற்றிப் பார்த்தார். இசைப்பிரியா தன் செல்போனில் மோடத்தின் பக்கத்தைத் திறந்து, இணைந்திருந்த கருவிகளின் பட்டியலை அவரிடம் காட்டினாள். அவர் செல்போன் இருந்தது. இசைப்பிரியாவின் செல்போன் இருந்தது. அவர் லேப்டாப் இருந்தது. நான்காவதாக ஆங்கிலத்தில் 'காயத்ரி பிசி' என்று இருந்தது.

படுக்கையறை பீரோ மேல் மகளின் பழைய காலேஜ் லேப்டாப் இருந்தது. பொங்கலுக்கு வந்தபோது அவள்தான் வைத்துவிட்டுப் போனாள். "அம்மா போட்டோ எல்லாம் இதுல இருக்குப்பா, ஆஃப் பண்ணிடாதீங்க" என்று சொல்லியிருந்தாள். அதை அவர் கம்ப்யூட்டராகவே நினைத்ததில்லை. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து வந்தார்.

இசைப்பிரியா நாற்காலி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினாள். அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"வைரஸ்னு நெனச்சு எடுத்துட்டோம் சார். அது ஆளக் கண்காணிக்கிற சாஃப்ட்வேர். நீங்க என்ன டைப் பண்றீங்க, யாருக்கு எழுதுறீங்க, எல்லாம் பீரோ மேல இருக்குற மிஷினுக்குப் போவும். பாஸ்வேர்டு கூட. அத வெளியூர்ல இருந்துகினே பாக்கலாம்."

"என் பொண்ணா?"

"எனக்குத் தெரியாதுங்க சார். மொதல்ல மெயில் பாஸ்வேர்ட மாத்திடுங்க."

டிக்கை எடுத்ததும் பக்கங்கள் திறந்தன. பீரோ மேலிருந்த லேப்டாப்பை அவர் சொன்னபடி அணைத்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு அவள் கிளம்பிப் போனாள்.

அவருக்குக் காது மடல் எரிந்தது. மறைக்க அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. போன ஏப்ரலில், மறுமணத்துக்கான ஒரு இணையதளத்தில் விருத்தாசலம் பள்ளி ஆசிரியை தனபாக்கியத்தின் அறிமுகம் கிடைத்தது. ஐம்பத்திரண்டு வயது, கணவரை இழந்தவர். கொஞ்ச நாள் எழுதிப் பார்ப்போம், போனெல்லாம் பிறகு என்று தனபாக்கியம் சொல்ல, மெயிலிலேயே பேசிக்கொண்டார்கள். ஆகஸ்டில், நேரில் சந்திக்கலாமா என்று இவர் கேட்டு எழுதினார். பதில் வரவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று தலையைக் குனிந்துகொண்டு இவரும் நிறுத்திவிட்டார். அதற்கு இரண்டு மாதமாகிறது.

பாஸ்வேர்டை மாற்றத்தான் மெயில் செட்டிங்ஸுக்குள் போனார். அங்கே தடுக்கப்பட்ட முகவரிகள் என்று ஒரு வரிசை இருந்தது. அதில் ஒரே முகவரி. தனபாக்கியத்தினுடையது.

அவர் யாரையும் தடுக்கவில்லை. தடுப்பது எப்படி என்றே அவருக்குத் தெரியாது. ஸ்பேம் பெட்டியைத் திறந்தார். இரண்டு வாரத்துக்கு முந்தைய தேதியில் தனபாக்கியத்தின் கடிதம் ஒன்று கிடந்தது.

'எழுத வேண்டாம் என்று நீங்கள் சொன்ன பிறகு எழுதுவது முறையில்லை. ஆனால் அவ்வளவு கடுமையாகச் சொல்லும்படி நான் என்ன செய்தேன் என்று மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.' கீழே ஒரு செல்போன் எண். அதற்கும் கீழே, மருதாசலம் எழுதியதாக ஒரு கடிதம்: 'எனக்கு இதில் விருப்பமில்லை. இந்த வயதில் உங்களுக்கும் இது தேவையா என்று யோசியுங்கள். இனிமேல் எழுதாதீர்கள்.'

அவர் பெயரில், அவர் முகவரியிலிருந்து போயிருந்தது. நான்கு முறை படித்தார். மகளின் எண்ணை அழுத்தினார்.

"சொல்லுங்கப்பா, மீட்டிங்ல இருக்கேன்."

"தனபாக்கியத்துக்கு நீ என்ன கண்ணு எழுதினே?"

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"உங்கள யாராச்சும் ஏமாத்திடுவாங்கன்னு பயந்துதான்பா அத வெச்சேன். ஆன்லைன்ல எவ்வளவு நடக்குது!"

"அது சரி. பார்த்தியே, அவங்க ஏமாத்துற ஆளா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் எழுதினே?"

"அம்மாவுக்கு நீங்க ஒரு நாளும் அப்படி எழுதினதில்லப்பா." அவள் அழ ஆரம்பித்திருந்தாள். "அதைப் படிக்கப் படிக்க என்னால தாங்க முடியல."

ஒவ்வொரு வரியையும் இவள் படித்திருக்கிறாள். படித்துவிட்டு ஞாயிறுதோறும் போன் செய்து, சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்டிருக்கிறாள்.

"என் பேரைப் போட்டு ஒரு பொம்பளையை அவமானப்படுத்தியிருக்கே காயத்ரி" என்றார். அவளை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருடங்களாயிருந்தன. "சனிக்கிழமை வரேன்பா" என்று அவள் சொன்னதற்கு, "இப்ப வராதே. நானே கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார்.

தண்ணீர் குடித்துவிட்டு, கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் போட்டார். அதுவரை கேட்டிராத ஒரு குரல், கொஞ்சம் கரகரப்பாக, "யாருங்க?" என்றது.

சொன்னார். எதையும் மறைக்காமல், மகள் பெயரையும் விடாமல், திக்கித் திணறிச் சொல்லி முடித்தார்.

"அப்ப நான் எழுதின எல்லாத்தையும் அந்தப் பொண்ணு படிச்சிருக்குதா?"

"ஆமாங்க."

"ஐயோ" என்றார் தனபாக்கியம். பிறகு, "ரெண்டு மாசமா நான் எழுதினதத்தான் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டிருந்தேன் சார், எங்க தப்பா எழுதிட்டோம்னு" என்றார்.

"மன்னிச்சுக்கங்க."

"நீங்க எதுக்கு? எனக்கு இப்ப ஒண்ணும் சொல்லத் தெரியல. படபடன்னு வருது. மெயில் மட்டும் இனிமே வேணாம். நாளைக்கு சாயங்காலம், ஸ்கூல் விட்டு வந்ததும் நானே கூப்பிடறேன்."

"சரிங்க" என்றார் மருதாசலம். தனபாக்கியம் வைத்த பிறகும் செல்போனைக் காதிலிருந்து எடுக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.