சஹனில் கொட்டிய அச்சாறு

அச்சாறுச் சாடி கைதவறி விழவில்லை. துவான் போங்சோதான் கவிழ்த்தார். சஹன் என்ற பெருந்தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து உண்டால் அவரவர் ஓரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அவரைப் போன்ற மலாய்க்காரர் வீட்டில் ஆளுக்கொரு தட்டு என்றாலும், அம்பாந்தோட்டையில் தமிழ் பேசும் சோனக முஸ்லிம்களின் பந்தி எத்தனை பார்த்திருப்பார்! சம்பந்தியாகப் போகிற வீட்டில் நெருக்கம் காட்டுகிற ஆவேசம், நட்டநடுவில் கொட்டிவிட்டார். வினாகிரி நெய்ச்சோற்றின் எல்லாத் திசைக்கும் பாய்ந்தது, காசிம் ஹாஜியாரின் வெள்ளை ஜுப்பாவுக்கும்தான். ஐந்து கைகள் ஒன்றாக நின்றன. போக்குவரத்துப் பொலிஸில் சார்ஜனாக இருந்த காலம் முழுக்க, ஒரு சந்தியையும் போங்சோ இவ்வளவு சுத்தமாக நிறுத்தியதில்லை.

ஹாஜியார் பரவாயில்லை என்றார். ஆனால் அவர் மகன் அஃப்லாலுக்கும் போங்சோவின் மகள் ரஸீனாவுக்கும் அன்றைக்குக் குறிக்க வேண்டிய நாள் குறிக்கப்படவில்லை. முதலில் மண்டபத்துக்கு வர்ணம் பூசுகிறார்கள் என்றார்கள். பிறகு சவூதியிலிருந்து மாமா வர வேண்டுமாம். போங்சோ பழியைச் சாடிமேல் போட்டார். மன்னிப்பாக இன்னொரு சாடி அச்சாறு அனுப்பினார், பின்னும் ஒன்று. சாடிகளும் திரும்பவில்லை, பதிலும் வரவில்லை.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தால், ஜாவாக்காரர் வீட்டு நிக்காஹ்வுக்குப் பேண்ட் வாத்தியம் எந்த ஊரிலிருந்து என்று ஒருவன் விசாரித்தான். மலாய்க்காரரை ஜாவாக்காரர் என்றும் ஆட்டபாட்டக்காரர் என்றும் நக்கலடிக்கிற ஊர் அது. போங்சோவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் வாயில் கசந்தது. வீட்டில் அவருடைய அக்கா காத்திருந்தாள். சோனகன் வாசலில் போய் நிற்பவனுக்கு மலாய்ப் பேச்சு எதற்கு, அதையும் அச்சாறோடு சேர்த்து அனுப்பிவிடு என்றாள்.

ரஸீனா, அஃப்லாலின் அழைப்பு நின்றுபோன தொலைபேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் போங்சோ செருப்பை மாட்டிக்கொண்டு ஹாஜியார் வீட்டுக்குக் கிளம்பினார்.

ஹாஜியார் மழையைப் பற்றிப் பேசினார், வெங்காய விலையைப் பற்றிப் பேசினார். உட்காரச் சொல்லவில்லை.

"ஹாஜியார், அந்த ஜுப்பாவ நானே தொவச்சுத் தாறன். எண்ட கை செஞ்ச பிழைக்குப் புள்ளையில கோவிக்காதீங்க."

"கோவமா? அப்பிடி ஒண்டும் இல்ல சார்ஜன். பாப்பமே."

திரைக்குப் பின்னாலிருந்து ஹாஜியாரின் மனைவி ஹைரியா வந்தாள். கழுவித் துடைத்த சாடிகளை மேசைமேல் வைத்தாள்.

"இவர் பாப்பம் பாப்பம் எண்டுதான் செல்லுவார். நீங்களும் இந்தச் சாடியையே நெனச்சிக்கிட்டு ஈக்கிறீங்க. அச்சாறு நல்லாத்தான் ஈந்திச்சி, கடைசி வெங்காயம் வரைக்கும் தின்னோம். ஜாவாக்காரப் புள்ளதான் எங்களுக்கு வாணாம்."