யெஷி அம்மாவின் ஒமேகா

ஸெரிஹுன் அடிஸ் அபாபாவில், பியாசா பகுதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். பழைய கைக்கடிகாரங்கள் என்றால் அவனுக்கு உயிர். ஒரு கடிகாரத்தின் முகத்துக்கு யாராவது மறுபடி சாயம் பூசியிருந்தால் நாலடி தள்ளி நின்றே சொல்லிவிடுவான். கடைக்கு எதிரில் சரிவில் இருந்த காபிக்கடையில் இதே பைத்தியம் பிடித்த ஏழெட்டுப் பேர் காலையில் கூடுவார்கள். ஆளுக்கொரு மக்கியாத்தோவைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் மணிக்கட்டைப் பார்த்துப் பேசுவார்கள். முகத்தைப் பார்த்துப் பேசுவதெல்லாம் அங்கே வழக்கமில்லை.

அந்த மணிக்கட்டுகளிலெல்லாம் ராணி, யெஷி அம்மாவினுடையதுதான். அவர் மருத்துவச்சியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ராஜா காலத்தில், முதல் சம்பளத்தில், ஆர்மீனியர் கடையில் வாங்கிய ஒமேகா அது. ஆண்கள் கட்டும் அளவு. பெண்களுக்கான கடிகாரத்தில் நாடி பார்க்க நொடிமுள் போதாது என்று அன்றைக்கே கடைக்காரரோடு சண்டை போட்டு வாங்கினாராம். எஃகு உடம்பு, தினமும் சாவி கொடுக்க வேண்டும். வெள்ளையாக இருந்த முகம் காலத்தில் பாலாடை நிறத்துக்கு வந்திருந்தது. மூன்று இருக்க வேண்டிய இடத்தில் சின்ன ஜன்னல், அதில் தேதி. நொடிமுள் தலைமுடி கனம்தான் இருக்கும். அது நகரும்போது ஸெரிஹுன் பேச்சை நிறுத்திவிடுவான். இப்படி ஒரு பொருளை மனிதக் கை செய்தது என்ற வியப்பே அவனுக்கு ஆறவில்லை.

இப்போது யெஷி அம்மாவின் விரல்கள் முடங்கிக்கொண்டே வந்தன. சாவி திருக முடியவில்லை. கடிகாரத்தை இன்னொருவரிடம் சேர்த்துவிடலாம் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதும் இரண்டு பேர் குதித்தார்கள். ஒருவன் ஸெரிஹுன். இன்னொருவன் மேட்டுத் தெருவில் இறைச்சிக் கடை வைத்திருக்கும் வொர்கு.

"விக்க மாட்டேன்," என்றார் யெஷி அம்மா. "கட்டிக்கிறவனுக்குச் சும்மாவே குடுத்துருவேன். ஆளுக்கு ஒரு மாசம் வச்சிருங்க. ஒண்ணாம் தேதி லிதேதா கோயிலுக்குப் போய்ட்டு இங்கதான் வருவேன். அப்பக் கொண்டாங்க."

மெஸ்கெரெம் மாதம் வொர்குவுக்கு, தெக்கெம்த் மாதம் ஸெரிஹுனுக்கு என்று முடிவாயிற்று.

வொர்கு அதை என்ன பாடு படுத்துகிறானோ என்று ஸெரிஹுனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாள் மதியம் இறைச்சிக் கடைக்கு எதிர் நடைபாதையில், யாருக்கோ காத்திருப்பவன் மாதிரி நின்று வேவு பார்த்தான். தொங்கும் மாட்டுத் தொடையிலிருந்து வொர்கு பச்சை இறைச்சியைச் சீவிச் சீவி, அங்கேயே உட்கார்ந்து தின்பவர்களின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தான். கத்தி பிடிக்காத கையில் ஒமேகா. அன்று மதியம் ஸெரிஹுன் சாப்பிடவில்லை.

ஒண்ணாம் தேதி வொர்கு திருப்பிக் கொடுத்தபோது கண்ணாடியில் புதிதாக ஒரு கீறல் இருந்தது. இறைச்சிக் கொக்கியில் பட்டுவிட்டது என்று அவனே சொன்னான். வாரில் மிளகாய்ப்பொடி வாசம் வேறு. யெஷி அம்மா தேதி ஜன்னலைப் பார்த்தார், அதில் ஒன்று இருந்தது. ஸெரிஹுனுக்கோ வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. இனி அது தன் கடிகாரம்தான் என்று நினைத்தான்.

கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனான். தினமும் விடிந்ததும் எடுத்து, சாவி கொடுத்து, காதோரம் வைத்துக் கேட்டு, மெத்துத்துணி விரித்த பெட்டிக்குள் வைத்தான். கட்டிக்கொள்ள ஆசை இல்லாமலா? ஒரு நாள் தெருவில் புழுதி பறந்தது. இன்னொரு நாள் மழை வருவது போல இருந்தது. வேனுக்குள் கூட்டம், யாராவது இடித்துவிட்டால்? நாளைக்குக் கட்டிக்கொள்ளலாம் என்று மூடி வைத்தான். மூடிய பெட்டிக்குள் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பே அவனுக்குப் பெரிய சொத்தாக இருந்தது. காதலில் இது ஒரு வகை, நல்ல வகை என்று சொல்வதற்கில்லை.

தெக்கெம்த் முடிந்து ஹெதார் பிறந்த அன்று காலைதான் முதல்முறையாகக் கட்டினான். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு பியாசா மேட்டில் நடந்தான். வெயில் பட்டு எஃகு மின்னியது. தபால் பெட்டியிடம்கூட மணி சொல்லலாம் போல அவனுக்கு இருந்தது.

காபிக்கடையில் எல்லோரும் வந்திருந்தார்கள். யெஷி அம்மா கோயிலில் இருந்து நேராக வந்து, வெள்ளை நெத்தெலா போர்த்தி உட்கார்ந்திருந்தார். ஸெரிஹுன் கையை நீட்டினான். நாடி பார்ப்பவர் போல அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இன்னைக்கு என்ன தேதி தம்பி?"

"ஒண்ணும்மா. லிதேதா நாள்."

"உன் கையில என்ன தேதி?"

ஸெரிஹுன் பார்த்தான். ஜன்னலில் முப்பத்தொன்று நின்றது.

நம்முடைய மாதங்களுக்கு முப்பது நாள்தான். ஆண்டுக் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் குட்டி மாதத்தை விட்டுவிட்டால், எல்லாவற்றுக்கும் அதே கணக்குதான். ஸ்விட்சர்லாந்தில் பிறந்த கடிகாரத்துக்கு இது எப்படித் தெரியும்? அது பாட்டுக்கு முப்பத்தொன்று காட்டும். கட்டியிருப்பவர்தான் ஒண்ணாம் தேதி விடியலில் அதை ஒன்றுக்குத் தள்ளிவிட வேண்டும். அடிஸில் தேதிக் கடிகாரம் கட்டுகிற எவருக்கும் இது பல் தேய்ப்பது போலப் பழக்கம். ஸெரிஹுனுக்கும் தெரியாததல்ல. அந்த எண்ணை அவன் காலையில்கூடப் பார்த்திருந்தான். அவன் கண்ணுக்கு அது தேதியாகப் படவில்லை, அழகாகத்தான் பட்டது.

காபி போடுகிறவன் எட்டிப் பார்த்து, "மாசத்துல ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புனிதர் இருக்காரு. முப்பத்தொண்ணுக்கு எந்தப் புனிதர்ணே?" என்று கேட்டான். கடை முழுக்கச் சிரிப்பு.

வொர்கு மட்டும் சிரிக்கவில்லை. "விடுங்கம்மா, மறந்துருப்பாரு," என்றான்.

"மறக்கலப்பா," என்றார் யெஷி அம்மா. "பாக்கல."

ஸெரிஹுனுக்குக் காது வரை சூடேறியது. சமாளிக்க நாலு பொய் தயாராக வந்தன. அந்த மணிக்கட்டை இன்னும் அவர் பிடித்துக்கொண்டிருந்ததால் ஒன்றையும் சொல்ல முடியவில்லை.

"கட்டவே இல்லம்மா. கீறல் விழுந்துரும்னு பயந்துட்டேன்."

"பயந்தது தப்பில்ல. இதப் பாத்துதான் நான் எத்தனையோ பொம்பளைங்களுக்கு, உன் புள்ள இன்ன தேதி, இன்ன மணிக்குப் பொறந்துச்சுன்னு சொல்லியிருக்கேன். உன் வீட்டுல ஒரு மாசமா ராத்திரி பகலா ஓடியிருக்கு, யாருக்கும் எதுவும் சொல்லாம."

அவனுக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது.

"என் விரலுக்கு முடியாது. நீயே திருத்து," என்றார்.

அந்தக் காலத்துக் கடிகாரத்தில் தேதியை மட்டும் தனியாகத் தள்ள முடியாது. முட்களை ஒரு நாள் முழுக்கச் சுற்றினால்தான் எண் மாறும். ஸெரிஹுன் கடிகாரத்தைக் கழற்றி, சாவியை மெல்ல வெளியே இழுத்துத் திருகினான். பகல் போயிற்று, மாலை வந்தது, இரவு முழுவதும் அவன் விரலில் கடந்தது. நம் ஊரில் கடிகாரத்துக்கு விடியல்தான் பன்னிரண்டு மணி, தேதியும் அப்போதுதான் மாறும். முட்கள் விடியலைத் தொட்டபோது முப்பத்தொன்று நழுவி ஒன்று வந்து உட்கார்ந்தது. அவன் அவசரப்படவில்லை. இதுதான் அவனுக்குக் கிடைத்த கடைசி நாள் என்று தெரிந்தே திருகினான்.

"வொர்கு கையில கட்டி விடு," என்றார் யெஷி அம்மா.

அந்தக் கூட்டத்தில் புதிதாகச் சொந்தமாகிற கடிகாரத்தை யாரும் தானே கட்டிக்கொள்ள மாட்டார்கள். பிரியமானவர் வாயில் கவளம் ஊட்டுவது போல இன்னொருவர்தான் கட்டிவிட வேண்டும். வொர்குவின் தடித்த மணிக்கட்டில் வாரைச் சுற்றி ஸெரிஹுன் கொக்கியை மாட்டினான். வெடித்த விரல்கள், காய்த்த உள்ளங்கை, நடுவே அந்தப் பாலாடை முகம். கீறல் மேல் வெயில் விழுந்தபோதுகூட அது அழகாகத்தான் இருந்தது. பெட்டிக்குள் இருந்தபோது இத்தனை அழகாக இருந்ததில்லை என்று தோன்றியது, அந்த எண்ணத்தின் மேலேயே அவனுக்குக் கோபம் வந்தது.

வொர்கு கடை திறக்க நேரமாகிவிட்டது என்று கிளம்பினான். ஸெரிஹுன் தன் கடைக்கு வந்து, ஒருவருக்கு இடது கண்ணாடியை வலதில் மாட்டிக் கொடுத்துத் திட்டு வாங்கினான். மதியம் கடையைச் சாத்திவிட்டு மேட்டுத் தெருவுக்கு ஏறினான். இம்முறை எதிர் நடைபாதையில் நிற்கவில்லை. உள்ளே போய், வெட்டும் மேடைக்கு நேர் எதிரே இடம் பிடித்து உட்கார்ந்தான்.

வொர்கு கத்தியைத் துடைத்துக்கொண்டே, "நீ பச்சை இறைச்சி திங்க மாட்டியே?" என்றான்.

"கால் கிலோ குடு," என்றான் ஸெரிஹுன். அவன் கண் வொர்குவின் கையை விட்டு நகரவில்லை. "அவசரமில்லய்யா. மெதுவா வெட்டு."